கொட்டை வேறு, விதை வேறு: ‘ஸ்டோன் ஃப்ரூட்’ என்றால் என்ன?

போன டிசம்பரில் மெல்போர்னில் இருக்கும் தங்கை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டாள். ஒரு கடையில் பீச், பிளம், செர்ரி எல்லாம் குவித்து வைத்திருக்கிறார்கள், மேலே ‘ஸ்டோன் ஃப்ரூட்’ என்று பலகை தொங்குகிறது. அங்கே அப்போது கோடை, அந்தப் பழங்களுக்கு அதுதான் பருவம். பத்தே நிமிடத்தில் சித்தியிடமிருந்து குரல் பதிவு: “ஏண்டி, இதைச் சாப்பிட்டா கல்லு கரையுமா, இல்ல வருமா?” சித்தப்பாவுக்குச் சிறுநீரகக் கல் வந்து போனதிலிருந்து அந்த வீட்டில் ‘ஸ்டோன்’ என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான். இதற்கு நடுவில் ஒரு தம்பி படத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ‘கல் பழம்’ என்று எடுத்து அனுப்ப, குழப்பம் இன்னும் கூடியது.

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் அன்று ராத்திரி தங்கை தனியாகக் கேட்ட கேள்வி சிரிக்கிற கேள்வி இல்லை. அவள் தோழி ஒருத்திக்குப் பீச் தின்றால் உதடு அரிக்கிறது, ஸ்டோன் ஃப்ரூட்டைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். “அப்ப மாம்பழமும் கூடாதா? அதுலயும்தானே கொட்டை இருக்கு?” இதற்கு ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். இரண்டும் சரியாக இருப்பதுதான் சிக்கல், ஏனென்றால் அந்த ஒரு சொல்லைத் தாவரவியல்காரர்கள் ஒரு பொருளிலும் பழ வியாபாரிகள் வேறு பொருளிலும் சொல்கிறார்கள்.

முதலில் எளிய பகுதி. ஆங்கிலத்தில் கல் என்பது நாம் கொட்டை என்பதைத்தான். நடுவில் கடினமான கொட்டை, சுற்றிலும் சதை, அதற்கு மேல் தோல். சிறுநீரகத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, சித்திக்கு அதை உடனே சொல்லியாகிவிட்டது. அடுத்த பகுதியில்தான் நாம் எல்லோருமே சறுக்குகிறோம், நானும் பல வருஷம் சறுக்கியிருக்கிறேன்: கொட்டை என்றால் அதுதான் விதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு மாங்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சூப்பி முடித்துக் கொல்லையில் எறிந்து, நாலைந்து நாள் வெயிலில் காய்ந்து, நார் வெளுத்து முடிபோல் சிலிர்த்து நிற்கும் கொட்டை. அதன் ஓரத்தில் கத்தி முனையை விட்டு நெம்பினால் சிப்பி மாதிரி இரண்டாகத் திறக்கும். ஓட்டின் உட்பக்கம் வழவழவென்று இருக்கும். உள்ளே பழுப்பு நிறத்தில் காகிதம் போல ஒரு தோல், அதற்குள் கொஞ்சம் வளைந்து கொழுத்த பருப்பு. அந்தப் பருப்பும் அதன் காகிதத் தோலும்தான் விதை. நாம் நெம்பித் திறந்த மரச்சிப்பி இருக்கிறதே, அது விதையைச் சேர்ந்ததே கிடையாது, பழத்தைச் சேர்ந்தது. பூவின் சூற்பை காயாக மாறும்போது அதன் சுவர் மூன்று அடுக்காகிறது. வெளி அடுக்கு தோலாகிறது, நடு அடுக்கு சதையாகிறது, உள் அடுக்கு மரம் மாதிரி இறுகி ஓடாகிறது. நாம் தின்கிற மாம்பழச் சதையும் தூக்கி எறிகிற ஓடும் ஒரே சுவரின் இரண்டு அடுக்குகள் என்பதை ஒத்துக்கொள்ள எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

இப்படி உள் அடுக்கு இறுகிப்போன பழத்தைத் தாவரவியலில் ட்ரூப் என்கிறார்கள். லத்தீனில் அது கனிந்த ஆலிவைக் குறித்த சொல், ஆலிவும் இந்த வகைதான். தமிழில் உள்ளோட்டுச் சதைக்கனி என்று ஒரு சொல் இருக்கிறது. வாய் நிறையச் சொல்ல வேண்டிய சொல்தான், ஆனால் ‘உள்ளே ஓடு, சுற்றிச் சதை’ என்று சமாச்சாரத்தை அப்படியே வைத்துவிடுகிறது. பேச்சு வழக்கிலும் இந்தப் பிரிவு இருக்கத்தான் செய்கிறது. மாங்கொட்டைக்குள் மாம்பருப்பு, வேப்பங்கொட்டையை உடைத்தால் வேப்பம் பருப்பு, காங்கேயம் பக்கம் போனால் கொப்பரையையே ‘தேங்காய்ப் பருப்பு’ என்று சொல்லித்தான் ஏலம் விடுகிறார்கள். கொட்டை உறை, பருப்பு உள்ளிருப்பது என்று கணக்கு நேராக இருக்கிறது. இப்படிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளும்போதே புளியங்கொட்டை வந்து குட்டையைக் குழப்பும், அது ஓடே இல்லாத சுத்தமான விதை. சரி, அதற்குப் பிறகு வருவோம்.

இந்த ஓடு பிறக்கும்போதே ஓடாக இருப்பதில்லை. மாவடுவை முழுசாகக் கடித்துத் தின்கிறோமே, அதில் கொட்டை எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, அந்த உள் அடுக்கு அங்கேயேதான் இருக்கிறது, இன்னும் இறுகவில்லை, அவ்வளவுதான். காய் பெருக்கப் பெருக்க அந்த அடுக்கின் செல்களில் லிக்னின் என்ற பொருள் படிகிறது. மரத்தை மரமாக்குவதும் அதே லிக்னின்தான். ஒரு நாள் பார்த்தால் காயை அரியும்போது கத்தி நடுவில் போய் நின்றுவிடும். ஆவக்காய் போடுகிறவர்கள் காத்திருப்பது அதற்குத்தான். கனமான கத்தியால் காயை ஓட்டோடு சேர்த்து வெட்டி, உள்ளே இருக்கும் பருப்பையும் காகிதத் தோலையும் எடுத்துப் போட்டுவிட்டு, ஒவ்வொரு துண்டிலும் ஒரு சில்லு ஓடு ஒட்டியிருக்கும்படி ஜாடியில் போடுவார்கள், அப்போதுதான் துண்டு குழையாமல் மாதக்கணக்கில் நிற்கும். அடுத்த முறை ஆவக்காய்த் துண்டைத் தட்டில் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். பச்சைத் தோல், சதை, மரச்சில்லு என்று பாடப் புத்தகப் படத்தில் இருக்கும் மூன்று அடுக்கும் வரிசையாகத் தெரியும்.

நுங்கும் இதே கதைதான், கொஞ்சம் வேறு விதமாக. பனங்காய்க்குள் பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும். இளசாக இருக்கும்போது கொட்டை ஓடு இறுகியிருக்காது, அரிவாளால் ஒரே சீவு, உள்ளே இன்னும் கெட்டிப்படாத விதை உணவு வழவழவென்று கிடக்கும், அதைத்தான் விரலை விட்டு நோண்டித் தின்கிறோம். விட்டுவைத்தால் அதே காய் பழுத்து, ஓடு கல்லாகி, உள்ளே இருப்பதும் கெட்டியாகிப் பனங்கொட்டை ஆகும். மண்ணில் புதைத்தால் பனங்கிழங்கு. நுங்கு வெட்டுகிறவருக்குக் காயைத் தூக்கிப் பார்த்தாலே எது முற்றியது என்று தெரிந்துவிடுகிறது. எனக்கு அரிவாள் மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரியும்.

பீச் விவசாயிகளும் இந்த இறுகும் கட்டத்தைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். பீச் காய் ஒரே சீராக வளர்வதில்லை. முதலில் கிடுகிடுவென்று வளரும், பிறகு சில வாரம் அப்படியே நின்றுபோன மாதிரி இருக்கும், கடைசியில் மறுபடி பெருக்கும். நடுவில் நின்றுபோனதாகத் தெரியும் காலத்தில்தான் உள்ளே கொட்டை இறுகிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் மரத்துக்கு ஊட்டம் அதிகமாகி, சதை அவசரமாகப் பெருத்தால், பாதி இறுகிய ஓடு தாங்காமல் பிளந்துவிடும். வெளியே லட்சணமான பழம், அறுத்தால் உள்ளே கொட்டை இரண்டாகக் கிடக்கும், சில சமயம் பூஞ்சணமும் பிடித்திருக்கும்.

அப்புறம் வண்டு. சின்ன வயதில் எல்லோரும் கேட்டிருப்போம்: தோலில் ஒரு ஓட்டை இல்லை, சதையில் ஒரு கறை இல்லை, நீலம் மாம்பழத்தின் கொட்டைக்குள் கறுப்பு வண்டு எப்படிப் போயிற்று? பாட்டி சொன்ன பதில் “அது உள்ளேயே பொறந்தது.” பாட்டி சொன்னது முக்கால்வாசி சரி. மாங்கொட்டை வண்டு என்றே அதற்குப் பெயர், கூன்வண்டு இனம். காய் பிஞ்சாக இருக்கும்போது தாய் வண்டு அதன் தோல்மேல் முட்டை வைத்துவிட்டுப் போகிறது. பொரித்து வரும் நூல் போன்ற புழு சதையைத் துளைத்துக்கொண்டு நேராக உள்ளே போகிறது. அப்போது ஓடு இறுகவில்லை என்பதால் தடை கிடையாது. அது உள்ளே போன பிறகு ஓடு இறுகி வாசல் அடைபடுகிறது, துளைத்த வழி காய் வளர வளர மூடித் தடமே இல்லாமல் போகிறது. புழு பருப்பைத் தின்றுகொண்டு, அங்கேயே கூட்டுப்புழுவாகி, அங்கேயே வண்டாகிறது. பழம் விழுந்து அழுகிய பிறகுதான் பெரும்பாலும் வெளியே வரும், வந்ததும் மரப்பட்டை இடுக்கில் ஒளிந்து அடுத்த பூக்காலம்வரை காத்திருக்கும்.

இந்த வண்டு சாதாரணப்பட்டதில்லை. இந்திய மாம்பழம் பல வருஷம் அமெரிக்காவுக்குள் போக முடியாமல் இருந்ததில் இதற்கும் பங்கு உண்டு. சதைக்குள் இருக்கும் பூச்சியை வெந்நீரில் முக்கிக் கொல்லலாம், ஓட்டுக்குள் சட்டமாக உட்கார்ந்திருப்பதை என்ன செய்வது? கடைசியில் கதிர்வீச்சு. 2007-இல் மகாராஷ்டிரத்தின் லாசல்காவில் உள்ள கூடத்தில் பழங்களுக்குக் குறைந்தது 400 கிரே அளவு கதிர்வீச்சு கொடுத்து அனுப்பலாம் என்று ஏற்பாடாகி, அதன் பிறகுதான் அங்கே கதவு திறந்தது. வண்டைக் கொல்வதற்குக்கூட இல்லை, அது இனம் பெருக்க முடியாமல் போனால் போதும் என்ற கணக்கு.

இவ்வளவு பலமான ஓடு எதற்கு என்றால், தின்கிறவர்களிடமிருந்து விதையைக் காப்பாற்றத்தான். சதை கூலி, ஓடு பாதுகாப்பு. காகமும் மைனாவும் வேப்பம்பழத்தைத் தின்று கொட்டையை எங்கேயோ போட, சுவர் இடுக்கில் வேப்பங்கன்று முளைக்கிறது. வௌவால் நாட்டு வாதாம் பழத்தைக் கவ்விக்கொண்டு போய்ச் சதையைக் கொறித்துவிட்டுப் பள்ளிக்கூட மைதானத்தில் போட்டுவிடும். அதைக் கருங்கல்லில் வைத்து இன்னொரு கல்லால் ஓங்கி அடித்து, விரலையும் நசுக்கிக்கொண்டு, ஓடு உடைந்ததும் உள்ளே தீக்குச்சி கனத்துக்கு ஒரு பருப்பைப் பார்த்து ஏமாந்தவர்களுக்கு உள்ளோட்டின் பலத்தை யாரும் விளக்க வேண்டாம்.

தாவரவியல்காரர்கள் சொல்லும் பொருள் இவ்வளவு அகலமானது: மா, வேம்பு, இலந்தை, பனை, தென்னை, ஆலிவ் எல்லாம் அதில் அடங்கும். சந்தையில் சொல்லும் பொருள் இதைவிட ரொம்பக் குறுகலானது. மெல்போர்ன் கடையில் தொங்கிய பலகைக்கு ரோஜாக் குடும்பத்தில் உள்ள புரூனஸ் என்ற ஒரே பேரினத்தின் பழங்கள்தான் சொந்தம்: பீச், நெக்டரின், பிளம், ஆப்ரிகாட், செர்ரி. பாதாமும் அந்தப் பேரினம்தான், ஆனால் அதில் சதையை யாரும் தின்பதில்லை என்பதால் பழக்கடைப் பலகைக்குக் கீழே வராது. மாம்பழம் அதே கடையில் வேறு மூலையில், வெப்பமண்டலப் பழங்கள் என்ற பலகையின் கீழ் இருக்கும்.

இந்தப் பேரினத்தின் பழத்தை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. பிளம்மையோ பீச்சையோ கையில் எடுத்தால் காம்பிலிருந்து நுனிவரை ஒரு பக்கம் மட்டும் ஒரு பள்ளக்கோடு ஓடும். பூவில் சூற்பையாக மாறும் இலை போன்ற பகுதிக்குச் சூலிலை என்று பெயர், ஒரே ஒரு சூலிலை மடிந்து விளிம்போடு விளிம்பு ஒட்டிய தையல் அது. கத்தியை அந்தக் கோட்டிலேயே விட்டுச் சுற்றி அறுத்து இரண்டு பாதியையும் எதிரெதிராகத் திருகினால், நல்ல சாதியாக இருந்தால் சதை கொட்டையை விட்டுப் பொட்டென்று கழன்றுவிடும். விடாத சாதிகளும் உண்டு, சதை கொட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். டப்பாவில் அடைக்கும் பீச் பெரும்பாலும் இந்த விடாக்கண்டன் வகைதான், அதன் சதை வெந்தாலும் குழையாது. நெக்டரினை வேறு பழம் என்று நினைத்து அதிக விலை கொடுத்திருக்கிறேன். பீச்சின் தோலில் இருக்கும் மென்முடி ஒரு மரபணு மாற்றத்தால் இல்லாமல் போனால் அதுதான் நெக்டரின். பீச் மரத்தின் ஒரு கிளையில் தானாகவே நெக்டரின் காய்ப்பதும் நடக்கிற விஷயம்தான்.

இவை எவ்வளவு நெருங்கிய உறவு என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. சாம் வான் ஏக்கன் என்ற கலைஞர் 2008 வாக்கில் தொடங்கி, ஒரே மரத்தில் பீச், பிளம், ஆப்ரிகாட், செர்ரி, பாதாம் என்று நாற்பது வகைகளை ஒட்டுக்கட்டி வளர்க்கிற வேலையில் இறங்கினார். வசந்தத்தில் ஒவ்வொரு கிளையும் ஒரு நிறத்தில் பூக்கும். எல்லாம் ஒரே பேரினம் என்பதால்தான் ஒட்டு பிடிக்கிறது. அதில் ஒரு மாங்கிளையை வைத்து எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் காய்ந்துதான் போகும்.

நம் ஊரில் இந்தப் பழங்கள் வெளியூர்ச் சரக்கு மட்டும் இல்லை. மே மாதம் கொடைக்கானல் போகிற வழியில் பிளம்ஸும் பீச்சும் கூறு கட்டி விற்பார்கள். காஷ்மீர்ப் பழம் மாதிரி கன்னம் பருத்து இருக்காது, சின்னதாக, புளிப்பு தூக்கலாக, மிளகாய்த்தூளோடு தின்னத் தோதாக இருக்கும். மலையில் விளைவது ஏன் மதுரையில் விளையாது என்றால் குளிர்தான் காரணம். இந்த மரங்கள் குளிர்காலத்தில் உறங்கும். சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குறிப்பிட்ட மணி நேரம் கழிந்தால்தான் மொட்டுக்கு உறக்கம் கலையும். செர்ரிக்கு அது பல நூறு மணி நேரம். குறைந்த குளிரே போதும் என்கிற பீச் சாதிகளும் உண்டு, அதனால்தான் பஞ்சாப் சமவெளியில் ஷான்-ஏ-பஞ்சாப் என்ற பீச் காய்க்கிறது. கொடைக்கானலில் பிளம்ஸ் பக்கத்திலேயே பேரிக்காயும் விற்பார்கள், கடித்தால் நறநறவென்று இருக்குமே, அந்த நறநறப்புக்குக் காரணமான செல்களுக்குப் பாடப் புத்தகத்தில் ‘கல் செல்கள்’ என்றே பெயர். சதைக்குள் கல்லை வைத்திருக்கும் பேரிக்காய் ஸ்டோன் ஃப்ரூட் கிடையாது, அது ஆப்பிள் கூட்டாளி.

பெயர் விஷயத்தில் இந்தக் கூட்டம் முழுக்கவே ஊர் மாறிப் பதிவானது. பீச்சின் தாவரவியல் பெயரில் பாரசீகம் இருக்கிறது, ஆப்ரிகாட்டின் பெயரில் ஆர்மீனியா இருக்கிறது, மேற்கே போனவர்கள் எந்த ஊர் வழியாக வாங்கினார்களோ அந்த ஊரை ஒட்டிவிட்டார்கள். பீச்சின் சொந்த ஊர் சீனா. குன்மிங் அருகே கிடைத்த பீச் கொட்டைப் படிவங்கள் 25 லட்சம் ஆண்டுக்கு மேல் பழையவை. சதை ஒரு வாரத்தில் அழுகிவிடும், ஓடுதான் இப்படி யுகக்கணக்கில் நிற்கும். நாட்டு மருந்துக் கடையில் ‘ஆல்பக்கோடா’ என்று கறுப்பாகச் சுருங்கிய பழம் கொடுப்பார்களே, அதுவும் உலர்ந்த பிளம்தான், ‘ஆலு புகாரா’ என்ற பாரசீகச் சொல் நம் வாயில் புரண்டு புரண்டு அப்படி ஆகிவிட்டது.

அகலமான பொருளுக்கே திரும்பி வந்தால், நம் அடுக்களையில் பாதி இந்த வகைதான் என்று தெரியும். தேங்காய்தான் பெரிய ஆள். மேல் பட்டை தோல், நார் நிறைந்த மட்டை நடு அடுக்கு, கொட்டாங்குச்சி உள்ளோடு. நெல்லை, குமரி, யாழ்ப்பாணம் பக்கம் சிரட்டை என்பார்கள். மாவில் சதை சாறானது, தென்னையில் அதே அடுக்கு நாராகிவிட்டது, கடலில் மிதந்து போகிற காய்க்குச் சாறு எதற்கு. குடுமியைப் பிய்த்தால் தெரியும் மூன்று கண்ணும் மூன்று சூலிலையின் மிச்சம். அதில் ஒன்று மட்டும் விரலால் அழுத்தினாலே அமுங்கும், குருத்து வெளியே வரும் வழி அது. நாம் துருவுவதும் குடிப்பதும் விதைக்குள் இருக்கும் உணவு.

காபிக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். ஏற்காட்டிலோ தாண்டிக்குடியிலோ காபிச் செடியில் பழுத்துச் சிவந்திருப்பதை அவர்கள் செர்ரி என்றுதான் சொல்கிறார்கள், பறித்துச் சதை நீக்கினால் வழுவழுப்பான உறையோடு இரண்டு கொட்டை வரும். கழுவிக் காயவைத்தால் வெளியே வைக்கோல் நிறத்தில் மொடமொடவென்று நிற்பது பார்ச்மென்ட். அதுதான் உள்ளோடு, கல்லாக இறுகாமல் உமிபோல் நின்றுவிட்டது. அதை உரித்தால் வெள்ளித்தோல், அது விதையின் தோல். சாதாரணமாக இரண்டு விதை முகத்தோடு முகம் ஒட்டி வளர்வதால் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், ஒன்று மட்டும் பிழைத்தால் இடம் தாராளமாகக் கிடைத்து உருண்டையாகிவிடும். காபித்தூள் கடையில் “பீபெரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி” என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பீபெரி இந்த ஒற்றைப் பிள்ளைதான்.

மிளகும் குட்டி உள்ளோட்டுக் கனி. காயைச் சதையோடு காயவைத்தால் சுருங்கிக் கறுப்பு மிளகு, பழத்தை ஊறவைத்துச் சதையைத் தேய்த்து எடுத்துவிட்டால் வெள்ளை மிளகு. பிஸ்தாவின் வாய் பிளந்த ஓடு உள்ளோடு. பாதாமின் ஓடும் அதுவே, ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் பிதுக்கி எடுக்கிற பழுப்புத் தோல் விதைத்தோல், மாம்பருப்பைச் சுற்றி இருந்த காகிதத்தின் அண்ணன் தம்பி. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளில் மலைபோல் குவியும் கொட்டைக்கும் மதிப்பு உண்டு. மாம்பருப்புக் கொழுப்பு ஐரோப்பாவில் கொக்கோ வெண்ணெயோடு சாக்லேட்டில் சேர்க்க அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் ஒன்று.

பார்த்தால் அப்படித் தெரிந்து, இல்லாமல் போகிறவையும் இருக்கின்றன. பேரீச்சையின் கொட்டை ஓடு இல்லை, விதையேதான். அதைச் சுற்றி வெங்காயச் சருகு போல ஒட்டிக்கொண்டு வருமே ஒரு சவ்வு, உள் அடுக்கு என்று அங்கே மிஞ்சியது அவ்வளவுதான். சப்போட்டாவின் பளபளப்பான கறுப்பு விதைகளும் அப்படியே விதைகள். மேலே சொன்ன புளியங்கொட்டையும் இந்தக் கணக்கில்தான். கெட்டியாக இருந்தால் கொட்டை என்று சொல்லிப் பழகிவிட்டோம், உடைத்தால் உள்ளே தனியாகப் பருப்பு கழன்று வருகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

உடைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும் தின்னச் சொல்லவில்லை. “கடுக்காய்க்கு அகம் நஞ்சு, இஞ்சிக்குப் புறம் நஞ்சு” என்று சித்த மருத்துவத்தில் சொல்வார்கள், கடுக்காயும் உள்ளோட்டுக் கனிதான், கொட்டையை நீக்கிவிட்டுச் சதையைத்தான் மருந்துக்கு எடுப்பார்கள். புரூனஸ் கூட்டத்துக்கு அந்த வாக்கு இன்னும் கறாராகப் பொருந்தும். ஆப்ரிகாட், பீச், பிளம் கொட்டையை உடைத்தால் பாதாம் மாதிரியே பருப்பு இருக்கும், வாசனையும் தூக்கும், வாயில் போட்டால் கசக்கும். அந்தக் கசப்புக்குக் காரணம் அமிக்டலின். பருப்பு முழுசாக இருக்கும்வரை அது ஒரு பக்கமும் அதை உடைக்கும் நொதி ஒரு பக்கமும் இருக்கும், மென்றால் இரண்டும் கலந்து சயனைடு பிறக்கும். தவறி முழுக் கொட்டையை விழுங்கினால் நஞ்சைவிடத் தொண்டையில் அடைக்குமோ என்பதுதான் கவலை, மென்று தின்பதுதான் ஆபத்து. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் சொன்ன கணக்கு: பெரியவர்கள் ஒரு வேளையில் மூன்று சிறிய பச்சை ஆப்ரிகாட் பருப்புக்கு மேல் தின்றால் பாதுகாப்பு அளவைத் தாண்டிவிடும், சின்னக் குழந்தைக்கு ஒன்றே போதும். நாம் தின்கிற பாதாம் இனிப்பது ஒரு மரபணு மாற்றத்தின் புண்ணியம். லடாக்கில் ரக்சே கார்ப்போ என்ற ஆப்ரிகாட்டின் பருப்பும் இனிக்கும், அது அந்தச் சாதியின் விசேஷம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், ‘வைட்டமின் பி17 புற்றுநோயைக் குணமாக்கும்’ என்று குழுக்களில் சுற்றும் செய்தி. பி17 என்று ஒரு வைட்டமின் கிடையாது. அந்தப் பெயரில் விற்பது அமிக்டலினையும் அதை ஒட்டிச் செய்த மருந்தையும்தான். அது நோயைக் குணமாக்கியதற்குச் சான்று இல்லை, சயனைடு நஞ்சேறியதற்குச் சான்று இருக்கிறது.

தங்கைக்கு எழுதிய பதில் இதுதான். டாக்டர் சொன்ன ஸ்டோன் ஃப்ரூட் அநேகமாகக் கடைப் பலகையில் இருப்பது, அதாவது ரோஜாக் குடும்பம். பீச் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு அதே குடும்பத்து ஆப்பிளும் அரிக்கும், அதில் கொட்டையே இல்லாவிட்டாலும். ஒவ்வாமைக்கு முக்கியம் உறவு, கொட்டை கிடையாது. மா வேறு குடும்பம், முந்திரியும் பிஸ்தாவும் அதன் பங்காளிகள், சலவைத் துணிக்குக் குறி போடும் சேராங்கொட்டையும் கூட. மாங்காய்ப் பால் பட்டுச் சிலருக்கு உதடு புண்ணாவது அந்த வழி வந்த சொத்து, பீச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதனால் தோழியை டாக்டரிடம் மாம்பழம் என்று பெயர் சொல்லியே கேட்கச் சொன்னேன்.

அவள் விடவில்லை, “கொட்டையே இல்லாத பழம் வராதா?” என்றாள். வந்திருக்கிறது, இரண்டு விதமாக. அமெரிக்காவில் லூதர் பர்பாங்க் என்ற பயிர் வளர்ப்பாளர் நூறு வருஷத்துக்கு முன்பே, பிரான்சில் இருந்த ஒரு குட்டிப் பழத்தை வைத்துக் கலந்து கலந்து, கல்லில்லாத பிளம் ஒன்றை உண்டாக்கினார். முழுசாகக் கடிக்கலாம், பல்லில் எதுவும் தட்டாது, ஆனால் நடுவில் பருப்பு அப்படியே அம்மணமாக உட்கார்ந்திருக்கும். இங்கே கொங்கணத்தில் தாபோலி வேளாண் பல்கலைக்கழகம் நம் நீலத்தையும் அல்போன்சாவையும் கலந்து ரத்னா என்ற மாவை உண்டாக்கி, அதை மறுபடி அல்போன்சாவோடு சேர்த்துச் சிந்து என்ற சாதியை வெளியிட்டது. சிந்துவில் நேர் எதிர்: கொட்டை தகடு போல மெலிந்து உள்ளே இருக்கிறது, திறந்தால் பருப்பு இல்லை.